நாணம் யாருக்கு உரியது?



ஒன்பதாம் வகுப்பில் ‘நாணுடைமை’ என்னும் திருக்குறள் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். உரைப்பகுதியைப் படிக்குமாறு ஒரு மாணவனை எழுப்பினேன். அவன் தந்தையின் பணிமாறுதலால் மூன்று மாநிலங்களில் படித்துவிட்டு வந்தவன். வீட்டில் மட்டுமே தமிழ் பேசுபவன். எழுத்துக்கூட்டிப் படிக்க அவ்வாண்டுதான் கற்றுக்கொண்டிருந்தான். ‘பழி’ என்று இருந்த இடத்தில் அவன் ‘பலி’ என்று படித்தான். திருத்தினேன். மீண்டும் ‘பலி’ என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் புன்னகை செய்துவிட்டேன். காதுமடல் சிவக்க அவன் அமர்ந்தான். அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் அவன் வாய்விட்டுத் தமிழ் படிக்கவில்லை. ஒரு நாள் தொண்டை சரியில்லை என்றான். மற்றொரு நாள் புத்தகம் கொண்டுவரவில்லை என்றான்.

அன்று நாணியவன் அம்மாணவன். நாணியிருக்க வேண்டியவர் யார்? கற்றுக்கொள்ளும் முயற்சியில் ஓர் எழுத்தைத் தவறாக ஒலித்தவனா? அதைக் கண்டு நகைத்த நாங்களா? நாணத்தைப் பற்றிய பாடத்தை நடத்தும்போதே நாணம் என்பது இன்னதென்று அறியாதவனாக நான் நடந்துகொண்டேன். இக்கட்டுரை அந்த நாளிலிருந்து தொடங்கிய சிந்தனையின் விளைவு.

இலக்கியத்தில் நாணத்தையும் ஊரார் பழிச்சொல்லையும் படிக்கும்போது, ‘யார் நாணுகிறார்?’ என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். ‘யார் நாணவேண்டும்?’ என்ற கேள்வியையும் உடன் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை பல நேரங்களில் வெவ்வேறாக இருக்கிறது.

வள்ளுவர் ஒதுக்கிவைத்த பொருள்

ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரு தொடரைக் காண்கிறேன்: ‘நாணம் என்பது பெண்களுக்குரிய பண்பாகும்.’ மாணவரும் எழுதுகின்றனர், மாணவியரும் எழுதுகின்றனர். ‘நாணுடைமை’ அதிகாரத்தைப் படித்த பிறகும் எழுதுகின்றனர் என்பதுதான் வியப்பு. வள்ளுவர் அந்த அதிகாரத்தின் முதற்குறளிலேயே இரண்டு நாணங்களை வேறுபடுத்திவிடுகிறார். தகாத செயல் காரணமாக உள்ளத்தில் எழுவது ஒன்று. மகளிரிடம் காணப்படும் இயல்பான கூச்சம் மற்றொன்று. முன்னதே தாம் பேசப்போகும் நாணம் என்றும், பின்னது வேறு என்றும் அவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அடுத்த குறளில், உணவும் உடையும் எல்லா உயிர்க்கும் பொதுவாக இருக்க, மாந்தர்க்குச் சிறப்பாக அமைவது நாணுடைமையே என்கிறார். மாந்தர் என்னும் சொல் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் மனிதர் அனைவரையும் குறிக்கும்.

ஆகவே வள்ளுவர் கூறும் நாணத்திற்கு அடிப்படை செயல். நான் செய்த ஒன்று தவறு என்று என் மனம் எனக்கே சொல்வது நாணம். பிறர் கண்டார்களா, காணவில்லையா என்பது அங்கே முதன்மையன்று. யாருமில்லாத அறையிலும் ஒருவர் நாணலாம். ஆயிரம்பேர் தூற்றும் இடத்தில், தவறு செய்யாதவர் தலைநிமிர்ந்தும் நிற்கலாம்.

‘குற்றங்கடிதல்’ அதிகாரத்தில் ஓர் அளவுகோலும் தருகிறார். பழிக்கு நாணுகின்றவர், தம்மிடம் தினையளவு குற்றம் நேர்ந்தாலும் அதைப் பனையளவாகக் கருதுவராம். தினை எவ்வளவு சிறியது, பனை எவ்வளவு பெரியது என்பதை நகரத்தில் வளரும் நீங்கள் ஊருக்குச் செல்லும்போது நேரில் பாருங்கள். இந்த அளவுகோல் தம் குற்றத்தை அளப்பதற்கு மட்டுமே உரியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரார் செய்வது இதற்கு நேர்மாறு. பிறருடைய தினையளவு பிழையைப் பனையாக்கி, தம்முடைய பனையைத் தினையாக்கிக் கொள்கின்றனர். கருவி ஒன்றே, திருப்பிப் பிடித்துவிட்டால் அறம் புறங்கூறலாகிவிடுகிறது.

இன்னும் ஒரு படி மேலே செல்கிறார் வள்ளுவர். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுகின்றவரையே நாணத்தின் உறைவிடம் என்று உலகம் சொல்லும் என்கிறார். என் வகுப்பில் ஒருவன் நகைக்கப்பட்டபோது, அந்த இழிவு எனக்கும் நேர்ந்ததாக நான் உணர்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இந்தக் குறளைப் பலமுறை நடத்தியிருந்தும், தேவைப்பட்ட அந்த நொடியில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மூக்கின்மேல் விரல்

ஊர் கூடி ஒருவரைப் பற்றிப் பேசுவதற்குச் சங்கப் புலவர்கள் இரண்டு பெயர்களை வைத்திருந்தனர்: அம்பல், அலர். வெளிப்படையாகச் சொல்லாமல் முணுமுணுப்பாக இருப்பது அம்பல். ஊரறியப் பரவிவிட்டது அலர். அலர் என்றால் மலர்ந்த பூ என்றும் பொருள் உண்டு. அம்பல் மொட்டு, அலர் மலர். வதந்தி பரவும் முறையைக் கூர்ந்து கவனித்தவர்களே இவ்வாறு பெயரிட்டிருக்க முடியும்.

நற்றிணையின் 149ஆம் பாடல் உலோச்சனார் பாடியது. கடற்கரையூர் ஒன்றின் தெருவை அதில் காண்கிறோம். சிலராகவும் பலராகவும் பெண்கள் கூடிநின்று கடைக்கண்ணால் பார்க்கின்றனர்; மூக்கின் நுனியில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் காதலைப் பற்றிப் பழிதூற்றுகின்றனர். அதைக் கேட்ட தாய் சிறுகோல் கொண்டு மகளை அடிக்கிறாள். இன்று உங்கள் பாட்டியோ அத்தையோ வியப்பைக் காட்ட மூக்கின்மேல் விரல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தனை நூற்றாண்டுகளாக அந்த விரல் இடம் மாறவில்லை!

இப்பாடலில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தெருவில் நிற்கும் பெண்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணிடம் நேரில் எதையும் கேட்கவில்லை. இரண்டாவது, தாய் அடிப்பது மகள் செய்ததை ஆராய்ந்து அறிந்ததனால் அன்று, ஊர் பேசியதனால். ஊராரின் சொல் வீட்டிற்குள் வரும்போது கோலாக மாறுகிறது. மூன்றாவது, பாடலில் பேசும் பெண்ணின் முடிவு. விரும்பியவனோடு சென்றுவிடலாம், பழிச்சொல்லை இந்த ஊரே சுமந்துகொண்டு கிடக்கட்டும் என்கிறாள். அலரைச் சுமக்க வேண்டியது யார் என்பதை அவள் மாற்றிவிடுகிறாள். பேசியவர்களிடமே பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

வள்ளுவரும் ‘அலரறிவுறுத்தல்’ என்னும் அதிகாரம் முழுவதையும் இதற்கு ஒதுக்கியுள்ளார். காதலர் இருவரும் கண்டுகொண்டதோ ஒரே நாள். அலரோ, திங்களைப் பாம்பு கொண்டதைப் போல எங்கும் பரவிவிட்டது என்று அங்கே தலைவி சொல்கிறாள். சந்திரகிரகணம் நிகழ்வது சிறிது நேரமே. ஆனால் உலகம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். உவமையின் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள்.

அயலூரில் ஒருவன்

பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் சிலப்பதிகாரம் மிக நெருக்கமான நூல் என்று நான் கருதுகிறேன். அது பிழைப்புத் தேடி அயலூர் சென்ற ஒரு குடும்பத்தின் கதை.

புகார் நகரத்துப் பெருவணிகன் மகன் கோவலன். மாதவியுடன் வாழ்ந்து செல்வத்தை இழந்தபின் கண்ணகியிடம் திரும்பி வருகிறான். முன்னோர் தேடிவைத்த பொருளைத் தொலைத்த வறுமை தனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். இது வள்ளுவர் சொன்ன நாணம். தன் செயலுக்காகத் தானே வருந்துவது. ஆனால் அவனிடம் மற்றொரு நாணமும் இருந்திருக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லாமல், விடியுமுன் இருளிலேயே மனைவியுடன் ஊரைவிட்டுச் செல்கிறான். பகலில் அந்தத் தெருவில் நடக்க அவனால் முடியவில்லை. மகன் சென்ற திசை அறியாமல் பெற்றோர் துயருற்றதைப் பின்னால் வரும் கௌசிகன் வாயிலாக அறிகிறோம். பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். ஊருக்கு அஞ்சும் நாணம், உதவக்கூடியவர்களிடமிருந்தும் ஒருவனைப் பிரித்துவிடுகிறது.

வழியில், உறையூரை அடுத்த சோலையில் ஒரு சிறு நிகழ்ச்சி. துணையாக வந்த கவுந்தியடிகளிடம் வீணர் இருவர், இவ்விருவரும் யாவர் என வினவுகின்றனர். தம் மக்கள் என்கிறார் அடிகள். உடனே அவ்விருவரும், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று எள்ளி நகைக்கின்றனர். கண்ணகி காதுகளைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்தியடிகள் சினந்து, அவர்கள் நரிகளாகுமாறு சபிக்கிறார். அப்போது அவர்களுக்காக இரங்கிப் பரிந்து பேசுவோர் யார் தெரியுமா? எள்ளப்பட்ட கோவலனும் கண்ணகியுமே. அறியாமையால் பேசினர் என்று எடுத்துரைத்துச் சாபத்திற்கு ஓர் எல்லை கேட்கின்றனர். அது பன்னிரண்டு திங்களாகக் குறைகிறது. பழிக்கப்பட்டவர்கள் பழித்தவர்களைவிட உயர்ந்து நின்ற காட்சி இது. தேர்வில் கேட்கப்படுவதில்லை என்பதற்காக இதைப் படிக்காமல் கடந்துவிடாதீர்கள்.

பின்னர் மதுரை. காற்சிலம்பை விற்கச் சென்ற கோவலனைப் பொற்கொல்லன் கள்வன் என்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. தன் குற்றத்தை மறைக்க, அவ்வூரில் அறிமுகம் இல்லாத ஒருவனை அவன் தேர்ந்தெடுக்கிறான். அயலூரான்மீது பழி சுமத்துவது எளிது. அவனுக்காகப் பேச அங்கே எவரும் இல்லை. கொல்ல வந்த காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வர் கையாளும் சூழ்ச்சிகளை அடுக்கடுக்காக எடுத்துரைக்கிறான். காவலருள் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வனைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். பேச்சு வளர்கிறது. கோவலனிடம் மட்டும் ‘உன் பெயர் என்ன? இது யாருடைய சிலம்பு?’ என்று எவனும் கேட்கவில்லை. முடிவில் அறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகிறான். நற்றிணையின் தெருவில் கண்ட அதே முறைதான் இங்கும். அங்கே விரல், இங்கே வாள்.

வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல்கள்; இதிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். கண்ட நொடியில் பாண்டியன் தானே கள்வன் என்று அறிவிக்கிறான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதாக அவன் கூறுவது, பிறர்மேல் பழியைத் தள்ளிவிடுவதற்காக அன்று; தான் அதைக் கேட்டு ஆராயாமல் விட்டதே பிழை என்று ஒப்புக்கொள்வதற்காக. எதிரே நிற்பவள் அயலூரிலிருந்து வந்த, துணையற்ற பெண். அவள் முன் அரியணையிலிருந்து ஓர் அரசன் நாணுகிறான். நாணவேண்டியவர் நாணுவது இலக்கியத்தில் அரிது. அதனால்தான் இக்காட்சி இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்துள்ளது.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாண்டியன் அங்கேயே உயிர் நீத்தான் என்று காப்பியம் சொல்கிறது. மானம் நீங்கின் உயிர் வாழாதவரை வள்ளுவரும் கவரிமாவோடு ஒப்பிடுகிறார். இவற்றை நாம் வகுப்பறையில் பெருமிதத்துடன் நடத்துகிறோம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள். தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். ‘மதிப்பெண் குறைந்துவிட்டது, இனி வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது?’ என்று கலங்குபவர்களும் அவர்களுள் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேர்வில் தோற்பது குற்றம் அன்று. குற்றம் இல்லாத இடத்தில் வள்ளுவர் சொன்ன நாணத்திற்கு வேலை இல்லை. பாண்டியனிடமிருந்து நாம் கற்க வேண்டியது பிழையை ஒப்புக்கொண்ட நேர்மையை. அவனுடைய முடிவை அன்று. நாணம் மனத்தை அழுத்தும்போது கோவலனைப் போல இருளில் தனியே நடக்காதீர்கள். பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நம்பத்தகுந்த ஒருவரிடமோ அன்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு தாயின் முதற்சொல்

அண்மைக்கால இலக்கியத்திலிருந்து ஒரு சான்று. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை 1966இல் ஆனந்த விகடன் இதழில் வெளிவந்தது. மழைபெய்யும் மாலையில் கல்லூரி மாணவி ஒருத்தி பேருந்துக்காக நிற்கிறாள். முன்பின் அறியாத ஒருவன் அவளைத் தன் காரில் ஏற்றிச் செல்கிறான். அவளுக்குத் தீங்கு இழைக்கிறான். அழுதுகொண்டே வீடு திரும்பி நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். தாய் பதறுகிறாள், சினம் கொள்கிறாள், பிறகு மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூயவளே என்று சொல்லித் தேற்றுகிறாள். அந்த வீட்டோடு அது முடிந்துவிடுகிறது.

இந்த முடிவை ஏற்காமல் வாசகர் பலர் கடிதம் எழுதினர். பெரும் விவாதம் நடந்தது. பின்னர் ஜெயகாந்தன் அதே நிகழ்ச்சியைக் கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலை எழுதினார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அங்கே ஒன்றை மட்டும் மாற்றினார். நாவலில் தாய் நீரூற்றவில்லை, அலறிவிடுகிறாள். அக்கம்பக்கத்தார்க்குத் தெரிந்துவிடுகிறது. உடன்பிறந்தவன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அதற்குப்பின் பல ஆண்டுகள், அவள் படித்து, வேலைக்குச் சென்று, பொருளீட்டும் நாள்வரையிலும் அந்தப் பழி அவளுடன் நடந்துவருகிறது.

இரண்டு கதைகளிலும் பெண்ணுக்கு நேர்ந்தது ஒன்றே. தீங்கு இழைத்தவனும் ஒருவனே. வேறுபாடு, கேட்ட முதல் நிமிடத்தில் கேட்டவர் நடந்துகொண்ட முறையில்தான் இருக்கிறது. ஒருவரின் துயரம் நம் காதுக்கு வரும்போது அது அம்பலாகுமா, அலராகுமா, அல்லது அங்கேயே ஆறுமா என்பது நம் கையில் உள்ளது. ‘கேட்டவர்’ என்ற பொறுப்பு ஒன்று உண்டு என்பதை இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதே நான் முழுமையாக உணர்ந்தேன்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் அதை மறைத்துவைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. உதவக்கூடியவரிடம், சட்டத்திடம் சொல்வது வேறு. ஊருக்கு வேடிக்கையாக்குவது வேறு. தீங்கு இழைத்தவன் எவ்வகை நாணமும் இன்றித் தெருவில் நடக்க, இழைக்கப்பட்டவள் தலைகுனிந்து நடப்பதை மாற்றுவதற்கே நாம் இலக்கியம் படிக்கிறோம்.

ஊருக்கு அஞ்சாவிட்டால்?

‘ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் இருப்பதனால்தானே மக்கள் ஒழுங்காக வாழ்கின்றனர்? அந்த அச்சத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகள் கெட்டுவிட மாட்டார்களா?’ என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்வி. பிறந்த ஊரைவிட்டு வெகுதொலைவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை கூடுதலாகவே இருக்கும்.

பழிக்கு அஞ்சுதல் நற்பண்பு என்பதை நான் மறுக்கவில்லை. வள்ளுவரே அதைப் போற்றுகிறார். ஆயினும் ஊரின் கண்ணுக்கு மட்டும் அஞ்சுபவன், ஊர் காணாத இடத்தில் என்ன செய்வான்? விடுதியில், வேற்றூரில், கைப்பேசித் திரைக்குள் அவனைத் தடுப்பது எது? அங்கே உள்ளத்தின் நாணம் ஒன்றே துணை. உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் இயக்கம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையின் இயக்கம் போன்றது என்று ‘நாணுடைமை’யின் கடைசிக் குறள் கூறுகிறது. ஊரார் கயிற்றைப் பிடித்திருக்கும்வரை பொம்மை நன்றாகவே ஆடும். கயிறு அறுந்த பிறகும் நேராக நடக்கும் பிள்ளைகளே நமக்கு வேண்டும்.

மேலும், ஊரின் தீர்ப்பு எப்போதும் நேர்மையாக இருப்பதும் இல்லை. கோவலனுக்கு மதுரை வழங்கிய தீர்ப்பைப் பார்த்தோம். வலியவரைப் பற்றி மெல்லப் பேசும் ஊர், எளியவரைப் பற்றி உரக்கப் பேசும். ஆணின் பிழையைச் சில நாளில் மறக்கும் ஊர், பெண்ணின் பிழையைத் தலைமுறைக்கும் நினைவில் வைத்திருக்கும். இத்தகைய தராசை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

நம்முடைய தெரு

இவையெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டா. இன்றைய தெரு உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. வகுப்புத் தோழியின் படம் ஒன்றைக் கேலிச்சொல்லுடன் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர்கிறார். முப்பதுபேர் சிரிப்புப் பொம்மை இடுகின்றனர். நீங்கள் எதுவும் எழுதவில்லை, பார்த்தீர்கள், கடந்துவிட்டீர்கள். நற்றிணைத் தெருவிலும் வாய்திறந்தவர் சிலராகவே இருந்திருக்கலாம். மற்றவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றிருப்பர். ஆனால் எல்லாரும் சேர்ந்தே ஊர் எனப்பட்டனர்.

மற்றொரு நாணமும் நம்மிடையே உண்டு. பெற்றோர் கூட்டத்திற்குத் தாய் வருகிறார். இந்தி சரளமாக வராது, தமிழிலேயே பேசுகிறார். பிள்ளை பத்தடி விலகி, அவரை அறியாதவன் போல நடக்கிறான். மதிய உணவு வேளையில் புளிச்சோற்றுப் பாத்திரத்தைப் பாதி மட்டும் திறந்து, மூடியால் மறைத்துக்கொண்டு உண்ணும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அவர்களை நான் கடிந்துகொள்ள மாட்டேன். எப்போதோ யாரோ சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர்களுக்குள் தங்கிவிட்டது. ஆனால் அவர்களிடம் வள்ளுவரின் கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இதில் தகாத செயல் எது? தாய் தன் மொழியைப் பேசுவதா? வீட்டு உணவை உண்பதா? தகாத செயல் எதுவும் இல்லை என்றால், நீங்கள் சுமந்துகொண்டிருப்பது உங்கள் நாணம் அன்று. அது வேறு யாரோ உங்கள் தோளில் ஏற்றிவைத்த சுமை, இறக்கிவைத்துவிடலாம்.

அதேபோல், ஊரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. ‘இந்திக்காரன் பேசுவதுபோல் பேசுகிறாயே’ என்பார்கள். அங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கள். பிறந்து வளர்ந்த சூழலில் நான்காம் மொழி போல ஒலிக்கும் தாய்மொழியை விட்டுவிடாமல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

முடிவாக

அம்மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில், அதே வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அவனிடம், “அன்று நான் சிரித்தது தவறு” என்றேன். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் இழிவு பலர் முன்னிலையில் நேர்ந்தது. ஆகவே என் ஒப்புதலும் பலர் முன்னிலையில்தான் இருக்க வேண்டும் என்று கருதினேன். சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்தான்.

சில வாரங்கள் கழித்துத் தானாகவே எழுந்து ஒரு பத்தியைப் படித்தான். ழகரம் வரும் இடங்களில் தடுமாறினான். இரண்டு முறை நிறுத்தி, நாவை மடித்துப் பார்த்து, மீண்டும் தொடங்கினான். வகுப்பு காத்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாணுடைமை அதிகாரத்தை என் மாணவர்கள் கற்றுக்கொண்ட நாள் அதுவே என்பேன், அவர்களோடு நானும்.

சிந்தித்து விடையளிக்க

1. வள்ளுவர் வேறுபடுத்திக் காட்டும் இருவகை நாணங்கள் யாவை? அவற்றுள் எதை அவர் தம் அதிகாரத்தின் பொருளாகக் கொள்கிறார்?

2. ‘அங்கே விரல், இங்கே வாள்’ என்று கட்டுரையாசிரியர் கூறுவதை விளக்குக.

3. ஜெயகாந்தனின் சிறுகதைக்கும் நாவலுக்கும் இடையே மாறியது எது? அம்மாற்றத்தால் அப்பெண்ணின் வாழ்வு எவ்வாறு வேறுபட்டது?

4. ‘ஊருக்கு அஞ்சுவதால்தான் மக்கள் ஒழுங்காக வாழ்கின்றனர்.’ இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக. கட்டுரையாசிரியரின் கருத்தோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்பது இல்லை.

5. பிறர் ஒருவர் எள்ளி நகைக்கப்பட்டபோது நீங்கள் அங்கே இருந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்க. அன்று என்ன செய்தீர்கள், இன்றானால் என்ன செய்வீர்கள் என்பதைப் பெயர் எதையும் குறிப்பிடாமல் எழுதுக. இவ்விடையை வகுப்பில் படித்துக்காட்ட வேண்டியதில்லை.